ஆம்ப் பக்கத்து ஃபியூஸ் உங்கள் காரைக் காப்பாற்றாது

காரில் வூஃபர் (பாட்டின் அடியை அதிர வைக்கும் பெரிய ஸ்பீக்கர்) போடாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதைப் போட்டுக் கொடுத்துத்தான் என் குடும்பம் நடக்கிறது. ஆனால் வேறு எங்கோ சவுண்டு போட்டு, வயர் கருகிய பிறகு ஈரோட்டில் என் பட்டறைக்கு இழுத்து வரப்படும் வண்டிகள் கூடிக்கொண்டே போகின்றன. கடைசியாக வந்த வண்டியைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க மனசு வரவில்லை.

சின்ன ஹேட்ச்பேக். புளியம்பட்டிக் குடும்பம் ஒன்று பண்ணாரி கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது டிரைவர் காலடியிலிருந்து புகை வந்திருக்கிறது. ஓட்டிய தம்பி வண்டியை ஓரங்கட்டி சாவியை ஆஃப் பண்ணிவிட்டு, பின்சீட்டிலிருந்த அப்புச்சியையும் அம்மாயியையும் கையைப் பிடித்து இறக்கியிருக்கிறார். சாவியை ஆஃப் பண்ணியும் புகை நிற்கவில்லை. பின்னால் வந்த லாரி டிரைவர் பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு ஓடிவந்து பேட்டரி நெகட்டிவைக் கழற்றியதால் வண்டி தப்பித்தது.

கார்பெட்டைப் பிரித்துப் பார்த்தேன். பேட்டரியிலிருந்து உள்ளே வந்த சிவப்பு வயர், டிரைவர் சீட்டின் ரெயிலுக்கு அடியில் போயிருந்தது. சீட்டை முன்னும் பின்னும் தள்ளத் தள்ள, ரெயில் விளிம்பு நசுக்கி நசுக்கி மேலுறையை அறுத்துவிட்டது. அந்த இடத்திலிருந்து பேட்டரி வரைக்கும் வயரின் உறை உருகி, கார்பெட் ஃபோமோடு ஒட்டிக் கருங்கட்டியாகக் கிடந்தது. அந்த இடத்துக்குப் பின்னால் டிக்கி வரைக்கும் அதே வயர் நேற்று வாங்கியது போலப் புத்தம் புதிதாக இருந்தது. டிக்கியில் ஆம்ப், அதாவது வூஃபரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர். ஆம்புக்கு ஒரு சாண் தள்ளி ஃபியூஸ். அந்த ஃபியூஸ் போகவே இல்லை.

வண்டிக்காரர் கேட்டார்: “ஃபியூஸ் நல்லாத்தானுங்ணா இருக்குது, அப்புறம் எப்படிங்ணா வயர் எரியும்?”

இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். வூஃபர் போடுகிற சில கடைக்காரர்களே கேட்கிறார்கள் என்பதுதான் என் ஆத்திரம். மெயின் வயரில் போடுகிற ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்ற அல்ல. ஆம்புக்கு வேண்டிய ஃபியூஸ் பெரும்பாலும் அதன் உடம்பிலேயே செருகி வருகிறது. நாம் தனியாகப் போடுகிற ஃபியூஸ் வயருக்காக. பேட்டரியிலிருந்து டிக்கி வரை ஓடுகிற அந்த நாலைந்து மீட்டர் வயர் வழியில் எங்கே அறுபட்டாலும், உடனே பேட்டரியிலிருந்து வரும் கரண்டைத் துண்டிப்பதுதான் அதன் வேலை. அப்படியானால் அது எங்கே இருக்க வேண்டும்? பேட்டரிப் பக்கம். பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஒரு முழத்துக்குள், அதாவது 45 சென்டிமீட்டருக்குள். இந்தத் தொழிலில் பொதுவாக இதுதான் கணக்கு.

காரின் உடம்பு முழுக்க நெகட்டிவ். சீட் ரெயில், கதவு, பானட் என எந்தத் தகட்டில் பாசிட்டிவ் பட்டாலும் ஷார்ட்தான். நடுவழியில் ஷார்ட் ஆனால் கரண்ட் பேட்டரியிலிருந்து அந்த இடம் வரை வந்து, அங்கிருந்தே உடம்பு வழியாகத் திரும்பிவிடும். டிக்கி வரை அது போகவே போகாது. போகாத கரண்டை அங்கே இருக்கும் ஃபியூஸ் எப்படிப் பிடிக்கும்? கரூர் பஸ்ஸில் டிக்கெட் வாங்காதவரைப் பிடிக்க கோபி பஸ் ஸ்டாண்டில் செக்கர் நிற்பது போலத்தான். சாவியை ஆஃப் பண்ணியும் புகை நிற்காததற்கும் இதுவே காரணம். இந்த வயர் சாவி வழியாக வருவதில்லை, நேராகப் பேட்டரியிலிருந்து வருகிறது.

“12 வோல்ட்தானுங்களே, தொட்டாக்கூட ஷாக் அடிக்காது” என்பார்கள். உங்களுக்கு ஷாக் அடிக்காது, சரி. வயரைச் சூடாக்குவது ஆம்பியர். வண்டியை ஸ்டார்ட் பண்ணும் அந்த நொடியில் சின்ன கார் பேட்டரியே நூறு ஆம்பியருக்கு மேல் கொடுக்கிறது. ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கில் தள்ளும். நீங்கள் போட்டிருக்கும் வயர் எவ்வளவு தடிமனாக இருக்கிறதோ அவ்வளவு தாராளமாகத் தள்ளும். தடித்த வயர் போட்டுவிட்டோம், பயமில்லை என்ற நினைப்பு வேண்டாம்.

இன்னொரு பழக்கமும் நம் ஊரில் உண்டு. தோட்டத்து மோட்டார் ரூமில் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று கட்டையில் தடிக்கம்பியை முறுக்கி விடுவோம் அல்லவா, அந்தக் கை காருக்கும் வருகிறது. ஃபியூஸ் போனால் பெரிய நம்பராக மாற்றுகிறார்கள். 150 ஆம்பியர் ஃபியூஸை எட்டு கேஜ் வயரில் பார்த்திருக்கிறேன் (கேஜ் என்பது வயரின் தடிமன் அளவு, நம்பர் குறையக் குறைய வயர் தடிக்கும்). வயர் எரிந்து முடிந்தாலும் அந்த ஃபியூஸ் போகாமல் இருக்கலாம். அசல் செம்பு நாலு கேஜ் வயருக்கு 100 ஆம்பியர், எட்டு கேஜுக்கு 50. அதற்கு மேல் நான் போடுவதில்லை.

அசல் செம்பு என்று சொன்னேன். கிட் என்று டப்பாவில் வருகிற வயர்களில் பலவும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியம் கடத்துவது செம்பில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். கோயம்புத்தூரைச் சுற்றி இருக்கும் நம்மவர்கள் பம்ப்செட் வாங்கும்போது “காப்பர் வைண்டிங்தானுங்களா” என்று கேட்காமல் காசை எடுக்க மாட்டார்கள். அதே ஆள் கார் வயருக்கு மட்டும் எது மலிவு என்று கேட்கிறார். சோதிப்பது சுலபம். ஓர் இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். இன்னொரு ஏமாற்று, வெளியில் கட்டைவிரல் தடிமனில் உறை, உள்ளே பென்சில் கரிமுனை அளவுக்குக் கம்பி. நுனியை உரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அப்புறம் இந்த வாட்ஸ் கதை. அட்டைப்பெட்டியில் 3000 வாட்ஸ் என்று போட்டிருக்கும். பெட்டியைப் படிக்காதீர்கள், ஆம்பின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் படியுங்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருந்தால் மொத்தம் 60. வண்டி ஓடும்போது சுமார் 14 வோல்ட். பெருக்கினால் உள்ளே போவதே 840 வாட்ஸ். கிளாஸ் டி ஆம்ப் அதில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பித் தரும், பழைய கிளாஸ் ஏபி அதைவிடக் குறைவு. அப்படியிருக்க 3000 எங்கிருந்து வரும்? ஆர்.எம்.எஸ். வாட்ஸ், அதாவது ஆம்ப் தொடர்ந்து தரும் வாட்ஸ், எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். உண்மையாகவே பெரிய ஆம்ப் என்றால் வேறு பிரச்சினை வருகிறது. வண்டி ஓடும்போது கரண்ட் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டர், சின்ன காரில் 70, 80 ஆம்பியர்தான் தரும். ஏசி, ஹெட்லைட், இஞ்சின், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் தின்றது போக மிச்சத்தில்தான் உங்கள் வூஃபர் ஓட வேண்டும். பாட்டின் அடிக்கு அடி ஹெட்லைட் மங்குகிறது என்றால் மிச்சம் இல்லை என்று அர்த்தம். கெப்பாசிட்டர் கரண்டைக் கொஞ்ச நேரம் சேமித்து வைப்பதுதான், அதை வாங்கி மாட்டினால் கரண்ட் உற்பத்தி ஆகாது. ஆம்பைச் சின்னதாக்குங்கள்.

டேம்பிங், அதாவது அதிர்வைக் குறைக்கக் கதவுத் தகட்டில் ஒட்டும் ஷீட் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஷீட் சத்தத்தை அடைத்து வைக்கும் சுவர் அல்ல. தகடு அதிர்ந்து கலகலக்காமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். அதற்குக் கதவுத் தகட்டில் கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு ஒட்டினாலே பெரும்பலன் கிடைத்துவிடும். வண்டி முழுக்கச் சுற்றி ஒட்டி எடையைக் கூட்டுவது உங்கள் காசுக்கும் மைலேஜுக்கும் நஷ்டம். ஒட்டுவது பியூட்டைல் ரப்பர் ஷீட்டாக இருக்க வேண்டும். மொட்டைமாடி ஒழுகலுக்கு ஒட்டுகிற தார் ஷீட்டை வாங்கி வந்து கதவுக்குள் ஒட்டிவிடுகிறார்கள். ஈரோடு, கரூர் சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காரில் அது இளகி வழிந்து பவர் விண்டோ சானலுக்குள் இறங்குகிறது. கண்ணாடி பாதியில் நின்றுவிடுகிறது. தார் வாடையில் குழந்தைகள் வாந்தி எடுக்கின்றன. அதைச் சுரண்டி எடுக்கும் வேலை ஒட்டிய வேலையைப் போல நாலு மடங்கு.

கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் அதில்தான் வெளியேறுகிறது. அதை ஷீட் போட்டு அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே நின்று கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும், லாக் மோட்டார் போகும். சில கார்களில் பக்கவாட்டு மோதலைக் கண்டுபிடிக்கும் பிரஷர் சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கிறது. கதவுக்குள் காற்று எப்படி அழுந்துகிறது என்பதை வைத்து ஏர்பேக்கைத் திறக்கச் சொல்வது அதுதான். அப்படிப்பட்ட கதவில் ஸ்பீக்கருக்கு ஓட்டையைப் பெரிதாக வெட்டுவது, இருக்கும் ஓட்டையை அடைப்பது இரண்டுமே கூடாது.

ஏர்பேக் என்றதும் தொழில் செய்யும் தம்பிகளுக்கு ஒன்று. மஞ்சள் கப்ளர் (வயர் இணைப்பான்), மஞ்சள் ஸ்லீவ் உள்ளது ஏர்பேக் வயர், அதில் டெஸ்ட் லேம்ப் வைக்காதீர்கள். பல்பு வழியாகப் போகும் அந்தக் கரண்டே ஏர்பேக்கை வெடிக்க வைக்கப் போதும், உங்கள் முகம் அதற்கு நேராக இருக்கும். பில்லருக்குள் (கூரையைத் தாங்கும் தூணுக்குள்) வயர் இழுப்பதானால் ஜன்னல் ஓரம் விரியும் கர்ட்டன் ஏர்பேக்குக்குப் பின்பக்கமாக இழுங்கள், குறுக்கே கட்டாதீர்கள். ஆம்பின் எர்த், அதாவது நெகட்டிவ் இணைப்பு எடுப்பதும் இடம் பார்த்து. பல புது வண்டிகளில் பேட்டரி நெகட்டிவ் டெர்மினலில் கரண்டைக் கணக்கிடும் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். ஆம்பின் எர்த்தை அந்த டெர்மினலிலேயே நேராக மாட்டினால் நீங்கள் எடுக்கும் கரண்ட் அதன் கணக்கில் வராது, சார்ஜிங் குழம்பும். பெயின்டைச் சுரண்டி பாடியில் போல்ட் போட்டு எடுங்கள். எலெக்ட்ரிக் கார் என்றால் ஆரஞ்சு நிற வயரின் பக்கமே கை போகக்கூடாது. அதில் ஓடுவது 12 வோல்ட் இல்லை, நூற்றுக்கணக்கான வோல்ட், ஆளைக் கொன்றுவிடும்.

வூஃபர் பெட்டியை இறுக்கிப் பொருத்தச் சொல்கிறேன், ஆனால் கண்ட இடத்தில் ஸ்க்ரூ அடிக்கச் சொல்லவில்லை. பெரும்பாலான சின்ன பெட்ரோல் கார்களில் பின்சீட்டுக்கு நேர் கீழே டேங்க். ட்ரில் போடும் முன் வண்டியைத் தூக்கி அடியில் பாருங்கள். அதே சமயம் இருபது கிலோ பெட்டியைச் சும்மா டிக்கியில் வைத்துவிட்டு அவினாசி ரோட்டில் நூறில் போகாதீர்கள். பிரேக் அடித்தால் அது பின்சீட்டுக்காரர்களின் முதுகுக்குத்தான் வரும்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனியிலிருந்து வராமல் வெளிக்கடையில் பொருத்திய எலெக்ட்ரிகல் சாமான்களைத் தனியாகத் தெரிவித்து, அதற்குக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் அவற்றுக்குப் பணம் வரும். பில் இல்லாமல் வேலை முடித்தவர்கள் கிளெய்ம் நேரத்தில் என்னிடம் வந்து பில் கேட்கிறீர்கள். நான் செய்யாத வேலைக்கு நான் பில் போட முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

புகை வந்தால் என்ன செய்வது? முதலில் ஆட்களை இறக்குங்கள், அதற்கு முன் எதையும் தேடாதீர்கள். பானட்டுக்குள்ளிருந்தே புகையோ தீயோ வந்தால் திறக்கவேண்டாம், தள்ளி நின்று 101 அல்லது 112க்குப் போன் போடுங்கள். பானட் பக்கம் அமைதியாக இருந்தால் மட்டும் நெகட்டிவைக் கழற்றுங்கள். பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்து அது தகட்டில் பட்டால் இன்னொரு ஷார்ட்.

ஏற்கெனவே சவுண்டு போட்ட காரை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே பானட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து கிளம்பும் அந்தத் தடித்த வயரைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் பெட்டி வர வேண்டும். தகட்டைத் துளைத்து உள்ளே போகும் இடத்தில் வயரைத் தகடு அறுக்காமல் காக்கும் ரப்பர் வளையம் (கிராமெட்) இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் முதலில் நெகட்டிவைக் கழற்றி, அப்புறம் பாசிட்டிவில் மாட்டியிருக்கும் அந்த ஆம்ப் வயரை மட்டும் எடுத்து, நுனியில் டேப் சுற்றி ஓரமாகக் கட்டிவிட்டு, டெர்மினல்களைத் திரும்ப மாட்டிவிடுங்கள். வூஃபர் பாடாது, வண்டி வழக்கம் போல ஓடும். அப்படியே ஒரு நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் ஓட்டிப் போய், ஃபியூஸைப் பேட்டரி பக்கம் மாற்றச் சொல்லுங்கள். ஒரு மணி நேர வேலைதான்.