ஒளிச்சிதறலா, ஒளிப்பரவலா?

கொத்தவரை விதைப் பிசினைப் பற்றித் தமிழில் நடந்த ஓர் உரையில் 'ஒளிப்பரவல் முறையில் மூலக்கூறு எடை கண்டறியப்பட்டது' என்றார்கள். லைட் ஸ்கேட்டரிங் என்பதைத்தான் அப்படிப் பெயர்த்திருந்தார்கள். இந்த ஆண்டில் இது மூன்றாவது முறை. முதல் இரண்டு தடவை வாய் தவறி வந்துவிட்டது என்று விட்டுவிட்டேன். மூன்றாவது முறையும் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

சரியான சொல் ஒளிச்சிதறல். சிதறு என்ற வினையோடு 'அல்' சேர்ந்து சிதறல். மலையாளத்தில் சிதறுக, தெலுங்கில் செதரு என்று உறவுமொழிகளிலும் வேர் உண்டு. வானம் ஏன் நீலமாகத் தெரிகிறது என்று விளக்கும் பள்ளிப் பாடத்திலேயே ஒளிச்சிதறல் இருக்கிறது. திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928-இல் கண்டதையும் இராமன் சிதறல் என்றே படித்தோம். பாடநூலில் பழகிய சொல்லைத் தள்ளிவிட்டு இன்னொன்றைத் தேடிப் போக என்ன தேவை வந்தது?

ஒளிப்பரவலை ஆதரித்த நண்பர் ஒருவர் காரணம் சொன்னார்: சிதறல் என்றால் ஏதோ உடைந்து நொறுங்குவது போல இருக்கிறதாம், ஒளி நொறுங்குவதில்லையாம். பிள்ளையார் கோயில் வாசலில் உடைக்கும் சிதறுதேங்காய் அவர் மனதில் இருந்திருக்கும். ஆனால் சிதறுவதற்கு உடைய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கைதவறிக் கொட்டிய அரிசி தரையில் பட்டு நாலாபக்கமும் சிதறுகிறது. ஒரு மணிகூட உடைவதில்லை. சிதறு என்ற வினைக்குள் இருப்பது இரண்டு செய்திகள்: ஒன்றின்மேல் படுவது, பட்ட இடத்திலிருந்து பல திசைகளில் தெறிப்பது. பிசின் கரைசலுக்குள் லேசர் ஒளி போகும்போது நடப்பதும் இதுதான். மூலக்கூறின்மேல் பட்ட ஒளியில் சிறு பங்கு எல்லாப் பக்கமும் திரும்புகிறது. நிறை காணப் பயன்படும் சிதறலில் ஒளியின் அலைநீளமும் மாறுவதில்லை. கொட்டிய அரிசி போல, போனது போனபடியே இருக்கிறது.

பரவுவது வேறு வேலை. மல்லிகை மணம் பரவும், வதந்தி பரவும், எண்ணெய் தண்ணீர்மேல் பரவும். அந்தச் சொல்லில் மோதல் என்ற பொருள் இல்லை, தெறிப்பும் இல்லை. செறிந்த இடத்திலிருந்து மெல்ல அகல்வதுதான் பரவல். சவ்வூடுபரவல் என்ற சொல்லை இந்தப் பொருளில்தான் அமைத்தார்கள்.

இங்கேதான் எனக்கு உண்மையான கவலை. கரைசலில் பிசின் மூலக்கூறுகள் ஓரிடத்தில் நிற்பதில்லை, ஓயாமல் அலைகின்றன. சிதறிய ஒளி அதனால் நொடிக்கு நொடி கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை அளந்து மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாகப் பரவுகின்றன (டிஃப்யூஷன்), அந்த வேகத்தைக் குறிக்கும் பரவல் கெழுவிலிருந்து அவற்றின் பருமன் என்ன என்று கணக்கிடுவது இன்னொரு முறை. அதையும் தமிழில் சொல்ல வந்தால் 'ஒளிப்பரவலால் பரவல் கெழுவை அளந்தனர்' என்று எழுத வேண்டியிருக்கும். போதாததற்குப் புள்ளியியலில் பரவல் என்றால் டிஸ்ட்ரிபியூஷன். பிசின் போன்ற பலபடிகளில் (பாலிமர்களில்) எல்லா மூலக்கூறும் ஒரே நிறையில் இருப்பதில்லை என்பதால் 'நிறைப் பரவல்' பற்றியும் அதே பத்தியில் பேசியாக வேண்டும். மூன்று பொருளுக்கு ஒரு சொல் என்றால் படிக்கிற மாணவர் எதைப் பிடித்துக்கொள்வார்? டிஃப்யூஷனுக்கு வேதியியல் நூல்களில் விரவுதல் என்று ஓர் அழகான சொல் இருக்கிறது. அதை அங்கே வைத்துக்கொள்வோம், பரவலைப் புள்ளியியலுக்கு விடுவோம், ஒளிக்குச் சிதறல் போதும்.

எதிர்ப்பக்கக் குழப்பமும் உண்டு. மூலக்கூறுகளின் நிறை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் பாலிடிஸ்பர்சிட்டி என்பதைப் 'பல்சிதறல்' என்று பெயர்க்கிறார்கள். கணக்குப் பாடத்தில் 'சிதறல் அளவைகள்' இருப்பதால் வந்த பழக்கம். ஆனால் ஒளிச்சிதறல் பற்றிய கட்டுரையில் பல்சிதறல் என்று படித்தால், ஒளி பல முறை சிதறியது என்றுதான் எவருக்கும் தோன்றும். அப்படி ஒரு நிகழ்வும் உண்மையில் இருக்கிறது. கரைசல் கலங்கலாக இருந்தால் நிகழும், அளவீட்டையே கெடுக்கும். ஆங்கிலத்திலேயே அந்தப் பழைய பெயர் சரியில்லை என்று பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 2009-இல் மாற்றிவிட்டது. நாம் 'நிறை வேறுபாட்டு எண்' என்று நேராகச் சொல்லலாம்.

அப்புறம் மூலக்கூறு எடை. அது நிறைதான், எடை புவியீர்ப்பைச் சேர்ந்தது. இலங்கை நண்பர்கள் இதைத் திணிவு என்பார்கள், அவர்களுக்கு நிறை என்றாலே எடை. இரு கரைக்கும் பொதுவாக எழுதுகிறவர்கள் முதல் தடவையாவது இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள குறை ஒன்றுதான். அகராதியில் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள், குடுவைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்லை. வேதியியலாளர் பீட்டர் டிபை 1944-இல் இந்த முறையைப் பலபடிகளுக்குக் கொண்டுவந்தபோது அடிப்படை எளிமையாக இருந்தது: ஒரே செறிவில், இரு மடங்கு நிறையுள்ள மூலக்கூறு இரு மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். அதனால்தான் மூலக்கூறைவிடப் பல மடங்கு பெரிதான தூசு இங்கே பெரும்பகை. கொத்தவரைப் பிசின் போன்றவை திரண்டு கட்டியானால், சில கட்டிகளே மொத்த ஒளியையும் ஆக்கிரமித்து, நிறையை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டிவிடும். வடிகட்டிய கரைசலைத்தான் வைக்க வேண்டும். ஒளி 'பரவுகிறது' என்று மனதில் வாங்கிய மாணவருக்கு, ஒரு தூசுத் துகள் ஏன் கணக்கைக் கெடுக்கிறது என்பது எப்படிப் பிடிபடும்? பட்டுத் தெறிக்கிறது என்றால் உடனே பிடிபடும்.

அந்த உரையின் வரியை நான் இப்படி எழுதியிருப்பேன்: 'கொத்தவரைப் பிசின் மூலக்கூறுகள் சிதறடித்த ஒளியைப் பல கோணங்களில் அளந்து, அவற்றின் சராசரி மூலக்கூறு நிறையைக் கண்டனர்.'