எதிர் வீடு, அடுத்த வார்டு

2022 பிப்ரவரி 5, சனிக்கிழமை காலை. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின் வேட்புமனு பரிசீலனை. எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர நகராட்சி ஒன்றின் மாடியில் நாற்காலி போதாமல் பாதிப் பேர் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் என் கட்சிக்காரரோடு போயிருந்தேன். (வக்கீல் பாஷையில் கட்சிக்காரர் என்றால் வழக்கோடு வருபவர். இவர் சுயேச்சை.) பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். காற்றில் கூரை பறந்த வீடுகளுக்கு ஷீட்டைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு வசூலிக்க மறந்துபோகிற ரகம். வார்டில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. ஜெயித்துவிடுவார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

தேர்தல் நடத்தும் அலுவலர் மனுவைப் புரட்டினார். முன்மொழிந்தவரின் பாகம் எண், வரிசை எண்ணை வாக்காளர் பட்டியலில் விரல் வைத்துத் தேடினார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முதலிலிருந்து வந்தார்.

“முன்மொழிஞ்சவர் இந்த வார்டு இல்லையே?”

“எங்க எதிர் வீடு சார். முப்பது வருஷப் பழக்கம்.”

“எதிர் வீடுதான். ஆனா அடுத்த வார்டு.”

வார்டு எல்லை தெருவின் நடுவே போயிருந்தது. வேட்பாளர் அந்த நகராட்சியின் எந்த வார்டில் வாக்காளராக இருந்தாலும் போதும். முன்மொழிபவர் மட்டும் போட்டியிடும் வார்டின் வாக்காளராகவே இருக்க வேண்டும். இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருப்பவர்கள்தான் அதிகம். ஐந்து நிமிடத்தில் மனு தள்ளுபடி. தப்பில் எனக்கும் பங்கு உண்டு. முதல் நாள் போனில் அவருடைய எண்ணைச் சரிபார்த்த நான், முன்மொழிந்தவரின் எண்ணைக் கேட்கவே இல்லை.

கீழே டீக்கடையில் உட்கார்ந்து, “ஹைகோர்ட்டுக்குப் போவோம் சார், எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை” என்றார். போய்ப் பயனில்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. இந்த விஷயத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய தீர்ப்பு நம் பக்கத்து வழக்கில் வந்ததுதான். நாமக்கல் தொகுதியில் தன் மனு தள்ளுபடியானதை எதிர்த்துப் பொன்னுசாமி என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். தேர்தல் தொடங்கிவிட்டால் நடுவில் நீதிமன்றம் தலையிடாது, எல்லாம் முடிந்த பிறகு தேர்தல் வழக்காகத்தான் வர வேண்டும் என்று 1952இல் தீர்ப்பானது. உள்ளாட்சித் தேர்தலுக்கும் அரசியல் சட்டம் அதே வேலியைத்தான் போட்டிருக்கிறது. அன்றைக்கு என் கட்சிக்காரர் கையில் மிஞ்சியது அச்சடித்த இரண்டாயிரம் நோட்டீஸ்.

நின்று தோற்றவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நிற்கவே முடியாமல் போனவர்கள் என்னைப் போன்ற வக்கீல்களின் டைரியில்தான் இருக்கிறார்கள். வேகமாக வளரும் ஊரில் இவர்கள் கூடுதல். ஊர் ஒரு பக்கம் வளர்கிறது, காகிதம் வேறொரு பக்கம் நிற்கிறது. தனக்குத் தெரிந்த ஊரை நம்பி வேட்பாளர் இறங்கிவிடுகிறார்.

ராமேஸ்வரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் 44,856 பேர், 21 வார்டுகள். சராசரியாக வார்டுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். வாக்காளர்கள் அதிலும் குறைவு. 2022 தேர்தலுக்கான வார்டுகளை அந்தப் பழைய கணக்கை வைத்துத்தான் பிரித்தார்கள். இடையில் எத்தனை லாட்ஜ், எத்தனை மனைப்பிரிவு, எத்தனை புதுத் தெரு! இந்த அளவு வார்டில் அறுபது வீடு உள்ள ஒரு நகர் எந்தப் பக்கம் சேர்கிறது என்பதிலேயே முடிவு மாறிவிடும். அந்த அறுபது வீட்டில் எத்தனை பேருக்கு இங்கே ஓட்டு, எத்தனை பேருக்கு இன்னும் பரமக்குடியிலோ முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சொந்த ஊரிலோ ஓட்டு என்பது வேறு கதை. உள்ளாட்சிக்கென்று தனியாக வாக்காளர் பட்டியல் எடுப்பதில்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலையே வார்டு வார்டாகப் பிரிக்கிறார்கள். அதில் பெயர் இல்லையென்றால் இதிலும் இல்லை.

இதைவிடப் பெரிய குழப்பம் ஊராட்சி நகராட்சியோடு சேரும்போது வருகிறது. ராமநாதபுரம் நகரை ஒட்டிய பட்டணம்காத்தான், சக்கரக்கோட்டை பக்கம் போனால் எது ஊர், எது நகரம் என்று எல்லைக்கல்லைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கலெக்டர் ஆபீஸே பட்டணம்காத்தானில்தான் இருக்கிறது. இணைப்புப் பேச்சு எழுந்தபோது என்னிடம் வந்த பெண்கள் கேட்ட முதல் கேள்வி, “நூறு நாள் வேலை போயிருமா?” இரண்டாவது, “வீட்டு வரி ஏறுமா?” தலைவர் பதவிக்கு நிற்க வேண்டுமென்று மூன்று வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, கந்தூரி ஒன்று விடாமல் போய்வந்த ஓர் இளைஞர் கேட்டதுதான் விசேஷம்: “அப்ப எனக்கு எத்தனை ஓட்டு வேணும்?”

ஊராட்சித் தலைவரை ஜனங்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சிச் சின்னம் கிடையாது. நகராட்சியில் அப்படி இல்லை. ஜனங்கள் கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்பார்கள், கவுன்சிலர்கள் கூடி சேர்மனைத் தேர்ந்தெடுப்பார்கள். 2022இல் அது மார்ச் 4ஆம் தேதி நடந்தது. ஊராட்சி முழுக்க ஓடியாடிச் சம்பாதித்த பெயர் இணைப்புக்குப் பிறகு இரண்டு மூன்று வார்டுகளாகச் சிதறிப்போகும். இவர் ஒன்றில் மட்டும்தான் நிற்க முடியும். அதற்கப்புறம் சேர்மன் நாற்காலி கட்சிகளின் கணக்கு. அந்த இளைஞரிடம் இதைச் சொல்லி முடிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

எங்கள் மாவட்டத்தில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து தனி அலுவலர்கள் கைக்குப் போனது. 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற நகர்மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அறிவிப்பு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. போன முறை அறிவிப்பு வந்தது ஜனவரி 26. மனு வாங்கத் தொடங்கியது 28. கடைசி நாள் பிப்ரவரி 4. நடுவில் இருந்தது அவ்வளவுதான். ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகிறவை. புதன்கிழமை இறங்கியவர் வியாழன் காலை கரையேறி, மீனை எடை போட்டுவிட்டுத் தூங்கப் போவார். அவரிடம் முன்மொழிவுக் கையெழுத்து வாங்க ஒரு வேட்பாளரின் மச்சான் ஜெட்டியில் விடியக்காலை நான்கு மணியிலிருந்து காத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பாக்கி விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் ஆளைக் கவிழ்க்கும். நகராட்சிக்குக் கட்ட வேண்டிய எந்தப் பாக்கியாக இருந்தாலும், கேட்பு அறிவிப்பு கொடுத்துக் கெடு முடிந்திருந்தால் அது தகுதிக்கே வினை. சொத்துவரி, குடிநீர்க் கட்டணம், நகராட்சிக் கடை வாடகை எல்லாம் இதில் சேரும். நகராட்சியோடு நடப்பில் ஒப்பந்தம் வைத்திருக்கும் கான்ட்ராக்டர்கள் தனியாக வந்து கேட்பது நல்லது. 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 நடைமுறைக்கு வந்திருப்பதால், போன தேர்தலில் யாரோ கொடுத்த கையேட்டின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு இந்த முறை மனு எழுதாதீர்கள்.

சொத்து, கடன், வழக்கு விவரம் எழுதும் உறுதிமொழி ஆவணத்தில் கடலோரத்துக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் அம்மா ஒருவர் மனு எழுத வந்தார். தண்ணீரில் ஊறி ஊறி வெடித்த விரல்கள். கையெழுத்துக்கு முன் பேனாவை இரண்டு முறை மாற்றிப் பிடித்தார். வீடு இருக்கிறது, வரி ரசீது இருக்கிறது, பட்டா இல்லை. கூட வந்தவர், “வீடே இல்லைன்னு போட்டுருங்க, வம்பு எதுக்கு?” என்றார். அது வேண்டாம். வீடு இருக்கிறது, நிலத்துக்குப் பட்டா கிடையாது என்று உள்ளதை அப்படியே எழுதினோம். இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு அங்கே ஒத்திவைத்த தண்டனை வாங்கி வந்த மீனவர்களும் கேட்பதுண்டு. அதையும் விடாமல் எழுதச் சொல்வதே என் வழக்கம். இருப்பதை எழுதிவிட்டு விளக்கம் சொல்லிக்கொள்ளலாம். மறைத்தது பிறகு வெளியே வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு எதிராளி கோர்ட்டுக்கு வருவார்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். 2022இல் நகராட்சி வார்டுக்கு டெபாசிட் 2,000 ரூபாய், பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 1,000. செலவு உச்சவரம்பு முதல், இரண்டாம் நிலை நகராட்சிகளில் 34,000. தேர்வு நிலை, சிறப்பு நிலை நகராட்சிகளில் 85,000. பேரூராட்சியில் 17,000. இதைப் படித்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். வார்டு கவுன்சிலருக்கு 2023 ஜூலையிலிருந்து மாத மதிப்பூதியம் 5,000 ரூபாய். நிலத்தை அடகு வைத்துச் செலவழித்தவர் அதை எங்கிருந்து திருப்பி எடுப்பார் என்பது ஜனங்களுக்கும் தெரிந்த கேள்விதான். முடிவு வந்து முப்பது நாளுக்குள் செலவுக் கணக்கைத் தோற்றவரும் ஒப்படைக்க வேண்டும். தோற்ற வருத்தத்தில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. தகுதிநீக்க உத்தரவு வந்தால், உத்தரவு தேதியிலிருந்து மூன்று வருடம் போட்டியிட முடியாது.

ஊர்க்கூட்டம் போட்டு, கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ இவ்வளவு தருகிறவருக்குப் பதவி என்று ஏலம் விடுவது சட்ட விரோதம். இதில் பேச ஒன்றுமில்லை.

வாக்குறுதிக்கு வருவோம். ஓட்டுக் கேட்கப் போகும் முன் ஒரு நாள் வார்டை நடந்து சுற்றி, எது நகராட்சியுடையது என்று குறித்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்தில் கோயில் அறநிலையத் துறையின் கையில். தனுஷ்கோடி வரை போகும் சாலை தேசிய நெடுஞ்சாலை 87. மீன்பிடி இறங்குதளம் மீன்வளத் துறைக்கு. எதிரே தெரியும் தீவுகள், மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் சேர்ந்தவை என்றால் வனத்துறைக்கு. கடற்கரையில் ஒரு சுவர் கட்டவும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும். காவிரித் தண்ணீரைத் தொட்டி வரை கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம். தொட்டியிலிருந்து உங்கள் தெருக் குழாய்க்கு எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் என்பதுதான் நகராட்சியின் பாடு. தள்ளுவண்டியில் எட்டுக் குடம் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணிடம் “காவிரியைக் கொண்டுவருவேன்” என்று பேசாதீர்கள். வால்வு திறக்கும் ஆள் எத்தனை மணிக்கு வருகிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர் நின்று கேட்பார். தெருவிளக்கு, குப்பை, சாக்கடை, வால்வு: கவுன்சிலரின் ராஜ்ஜியம் இதுதான். இதற்குக்கூட மன்றத்தில் தீர்மானம் வேண்டும், நிதி வேண்டும், ஆணையாளர் கையெழுத்து வேண்டும்.

ஹார்டுவேர்க் கடைக்காரர் சமீபத்தில் மனைவியோடு ஆபீசுக்கு வந்தார். மறுபடி நிற்கப் போகிறாராம். சரி, வார்டு மறுவரையறையில் எல்லை மாறலாம், பெண்கள் வார்டாகவும் ஆகலாம், பாதி இடம் அவர்களுக்குத்தானே என்றேன்.

“ஆனா என்ன சார், வீட்டுல நிப்பாட்டிர வேண்டியதுதான்.”

“அவங்ககிட்ட கேட்டீங்களா?”

அவர் பதில் சொல்லவில்லை. அந்த அம்மாள் மடியில் ஒரு துணிக்கடைப் பை இருந்தது. அதிலிருந்து சொத்துவரி ரசீது, குடிநீர் ரசீது, கடை வாடகை ரசீது எல்லாவற்றையும் வருட வாரியாகப் பின் குத்தி மேஜையில் வைத்தார். கடைக் கணக்கு எழுதுவது அவர்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“முன்மொழியுறவங்க நம்ம வரிசை வீடாப் பாத்துக்கணும், அவ்வளவுதானே வக்கீல் சார்? ரெண்டு பேர்கிட்ட பேசி வச்சிருக்கேன்” என்றார்.