டயல்பிளான் பகிர்வு: அழைப்பு வழித்திட்டப் பகிர்வு

இணையத் தொலைபேசிச் சேவையகம் ஒன்றில் எண்ணை அழுத்தியதும் அந்த அழைப்பு எந்த மேசைக்கு, எந்த வெளியிணைப்புக்கு, எந்தக் குரலஞ்சல் பெட்டிக்குப் போக வேண்டும் எனத் தீர்மானிக்கும் விதித்தொகுப்பே டயல்பிளான். 1999இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய, இத்தகைய சேவையகத்தை இயக்கும் ஆஸ்டெரிஸ்க் மென்பொருளைக் கையாளுவோரிடம் இச்சொல் அன்றாடம் புழங்குகிறது.

‘டயல்’ என்பதன் வேர், நாளைக் குறிக்கும் இலத்தீன் சொல். நிழற்கடிகார முகப்புக்கு வழங்கிய அப்பெயர், பின்னர் கடிகார முகப்புக்கும் பழைய தொலைபேசியின் சுழல்வட்டுக்கும் வந்தது. வட்டு மறைந்த பிறகும் ‘டயல் செய்’ என்ற வினை தமிழிலும் நிலைத்துவிட்டது. டயல்பிளானுக்கு ‘எண்திட்டம்’ என்ற தமிழ்ச்சொல் பொருந்தாது. எண்களுக்கு 15 இலக்கம் என உச்சவரம்பு வைக்கும் இ.164 போன்ற பன்னாட்டு ஏற்பாட்டுக்கே அது உரியது. ‘அழைப்பு வழித்திட்டம்’ என்பதே தக்க சொல்.

ஒரு சேவையகத்தின் வழித்திட்டத்தை மற்றொரு சேவையகமும் பயன்படுத்திக்கொள்வதே பகிர்வு. தலைமையகச் சேவையகத்தில் 1000 முதலான எண்களும் கிளையில் 2000 முதலான எண்களும் இருப்பதாகக் கொள்வோம். தலைமையக வழித்திட்டத்தில் கிளையைச் சுட்டும் ‘ஸ்விட்ச்’ வரி ஒன்றை எழுதிவிட்டால், 2047ஐ யாரேனும் அழைக்கும்போது சேவையகம் முதலில் தன் விதிகளில் தேடி, அங்கே கிடைக்காதபோது ஆஸ்டெரிஸ்க் சேவையகங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஐ.ஏ.எக்ஸ்.2 நெறிமுறையில், வழக்கமாக யு.டி.பி. 4569ஆம் துறை (போர்ட்) வழியாக, ‘இந்த எண் உன்னிடம் உண்டா?’ என்று கிளையைக் கேட்கும். ‘உண்டு’, ‘இல்லை’ என்பவற்றோடு, ‘இன்னும் சில இலக்கங்கள் வந்தால் இருக்கக்கூடும்’ என்ற விடையும் வரலாம். ஒவ்வோர் இலக்கமாக எண் வந்துகொண்டிருக்கும்போது அந்த மூன்றாம் விடை மிகவும் பயன்படும்.

ஆகவே, இங்கே பகிர்வு என்பது நகலெடுப்பதன்று. விதிகள் கிளையிலேயே இருக்கின்றன; அங்கே புதிய எண் சேர்ந்தால் தலைமையகத்தில் எதையும் திருத்த வேண்டியதில்லை. அதே காரணத்தால், கிளையின் இணைப்பு அறுந்தால் விடையும் வராது. இரு சேவையகங்களும் ஒன்றையொன்று கேட்கும்படி அமைத்தால், இருவரிடமும் இல்லாத எண்ணுக்கான கேள்வி சுற்றிச் சுற்றி வரும். எனவே, மற்றவருக்குத் திறந்துவிடும் விதிப்பகுதியில் ஸ்விட்ச் வரி இடம்பெறக் கூடாது.

சேவையகங்கள் பலவானால் டண்டி என்னும் நெறிமுறை ஏற்றது. அதில் கேள்வி அண்டைச் சேவையகங்கள் வழியே பரவும். ஒரு சேவையகத்திலிருந்து அடுத்ததற்கு என எத்தனை தாவல் வரை போகலாம் என்பதற்கு வரம்பு உண்டு. ஒவ்வொரு விடையுடனும் வரும் ‘வெயிட்’ மதிப்பைச் சொல்லுக்குச் சொல் ‘எடை’ என்று எழுதினால் குழப்பமே மிஞ்சும்; குறைந்த மதிப்புடைய வழியே முதலில் முயலப்படுவதால் அதை ‘முன்னுரிமை எண்’ என்பதே சரி.