அடுப்படியை நீட்டுமுன் அடிமண்ணைப் பாருங்கள்

தீபாவளி நெருங்க நெருங்க, கோலாலம்பூரைச் சுற்றியுள்ள தாமான்களில் (வீடமைப்புக் குடியிருப்புகளில்) சுவர் இடிக்கும் சத்தம் கூடிவிடும். பண்டிகைக்குள் அடுப்படியைப் பின்னால் இழுத்துக் கட்டிவிட வேண்டும், உறவினர் வந்தால் தாராளமாகப் புழங்க வேண்டும் என்ற ஆசை. நியாயமான ஆசைதான். ஆனால் கட்டடப் பொறியாளனாகிய என்னை அந்த நேரத்தில் அழைப்பவர்கள் மிகக் குறைவு. ஓரிரு ஆண்டுகள் கழித்து, பழைய வீடும் புதுக்கட்டும் சேரும் இடத்தில் விரிசல் விழுந்த பிறகுதான் அழைக்கிறார்கள்.

பூச்சோங்கில் பார்த்த ஒரு தொடர் வீட்டைச் சொல்கிறேன். புது அடுப்படியில் விலையுயர்ந்த கல் மேசை, கூரையைத் தொடும் அலமாரிகள். பழைய பின்சுவரை ஒட்டி மட்டும் தரையிலிருந்து கூரை வரை ஒரு பிளவு. கீழே நூலிழை போல் தொடங்கி, மேலே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது. இப்படி மேலே அகன்றால், புதுக்கட்டு பின்சந்துப் பக்கமாகச் சாய்ந்தபடி இறங்குகிறது என்று பொருள். “எத்தனை தடவைதான் பூசுவது தம்பி? பூசுகிறவர் கைதான் சரியில்லை போலிருக்கிறது” என்றார் வீட்டுக்கார அம்மா. பூச்சில் ஒரு குறையும் இல்லை. குறை தரைக்கு அடியில் இருந்தது.

1857-இல் ஈயம் தேடி அம்பாங்கிற்கு வந்தவர்களால் வளர்ந்த ஊர் கோலாலம்பூர். சுங்கை பீசி, செர்டாங், பூச்சோங், சன்வே என்று பல இடங்களில் ஈயம் எடுத்த குட்டைகளைத் தூர்த்துத்தான் வீடுகள் எழும்பின. அந்த மண் ஓரிடத்தில் வெறும் மணலாக இருக்கும். சில அடி தள்ளிக் கொழகொழவென்ற சேறாக இருக்கும். கிள்ளான் பக்கம் போனால் ஆழமான கடற்களிமண். இத்தகைய நிலத்தில் வீடமைப்பு நிறுவனங்கள் கெட்டித் தரை கிடைக்கும் வரை பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்) இறக்கி, அதன்மேல் வீட்டை நிறுத்துகின்றன. பின்கட்டுக்கு அந்தப் பைல் கிடையாது. அங்கே இருப்பது கொட்டி நிரவிய மண். வீடு அசையாமல் நிற்க, அது மட்டும் பல ஆண்டுகள் மெல்ல அமுங்கிக்கொண்டே இருக்கும்.

இதைத் தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். பின்சுவரை ஒட்டிய சிமெண்டுத் தளத்தைக் குனிந்து பாருங்கள். சுவரில் பழைய தளத்தின் கோடு ஓரங்குலம், இரண்டு அங்குலம் மேலே தெரிகிறதா? வடிகால் சுவரை விட்டு விலகியிருக்கிறதா? தளத்துக்கு அடியில் கை நுழைகிறதா? அப்படியானால் வீடு நின்றிருக்க, மண் இறங்கிவிட்டது. நீங்கள் அடுப்படி கட்டப் போவது அந்த மண்ணின்மேல்தான்.

அங்கே நாலடி தோண்டி, கான்கிரீட் போட்டுத் தூண் எழுப்புகிறார்கள். அதைவிடக் கேடான பழக்கம் ஒன்று உண்டு. பழைய தூணிலும் பீமிலும் துளையிட்டு, கம்பி செருகி, புதுக்கட்டை அதோடு கட்டிவிடுகிறார்கள். “பிடிப்பாக இருக்கும்” என்பார் குத்தகையாளர். பைல்மேல் நிற்கும் வீடு இறங்காது, புதுக்கட்டு இறங்கும். நடுவில் இருக்கும் கம்பி இரண்டையும் இழுக்கும். கடைசியில் புதுச்சுவரோடு, நல்ல நிலையில் இருந்த பழைய வீடும் கிழிபடும்.

எனக்குத் தெரிந்து இதற்கு நேர்மையான வழி இரண்டுதான். புதுக்கட்டுக்கும் வீட்டுக்கு இருப்பது போலவே கெட்டித் தரை வரை பைல் இறக்குவது ஒன்று. பின்சந்தில் பெரிய இயந்திரம் நுழையாவிட்டாலும் மைக்ரோபைல் எனும் ஒல்லியான பைல் போடும் சிறிய இயந்திரம் நுழையும். மற்றது, ஓரளவு உறுதியான மண்ணில், புதுக்கட்டைத் தனித் தூண்களில் நிறுத்தி, பழைய சுவரிலிருந்து 20 முதல் 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, நெகிழும் சீலண்டால் அடைப்பது. இறங்கினாலும் அது தனியாக இறங்கும், வீட்டை இழுக்காது. பக்காவ் எனும் சதுப்புநில மரக் கட்டை அடித்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே எப்போதும் மூழ்கியிருக்கும் பக்காவ் நெடுங்காலம் தாங்கும். நீர் ஏறி இறங்கும் இடத்தில் உளுத்துப்போகும். தவிர, அது சேற்றிலேயே நின்றுவிட்டால் சேற்றோடு சேர்ந்து தானும் இறங்கும்.

எந்த வழி என்பதை மண்ணைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். மெக்கிண்டாஷ் புரோப் என்று ஒரு எளிய சோதனை உண்டு. 5 கிலோ சுத்தியலை 280 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, கூர்முனைக் கம்பி ஒவ்வோர் அடி ஆழம் இறங்கவும் சுத்தியல் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணுவார்கள். 400 எட்டினால் நிறுத்திவிடுவார்கள். சேற்றில் எண்ணவே வேலையிருக்காது. கம்பி தானாகப் போகும். இரண்டு ஆட்கள் வந்து முடித்துவிடக்கூடிய வேலை. பளிங்குத் தரைக்கு யோசிக்காமல் செலவழிப்பவர்கள் இதற்கு யோசிப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

குழி தோண்டிய அன்று நீங்களும் பக்கத்தில் இருங்கள். மாலை மழையில் தண்ணீர் தேங்கியிருந்தால், அதை இறைத்து, இளகிய சேற்றையும் வழித்தெடுத்த பிறகே வேலை தொடர வேண்டும். அடியில் 50 மில்லிமீட்டர் கனத்துக்கு சிமெண்டு குறைவாகக் கலந்த கான்கிரீட் பரப்பி, அதன்மேல் சிறு கான்கிரீட் கட்டைகள் வைத்துத்தான் கம்பிக்கூடை உட்கார வேண்டும். கம்பி மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால் துரு அன்றே ஆரம்பம். கான்கிரீட் மூடிவிட்டால் இவற்றில் எதையும் பார்க்க முடியாது. ஊற்றுவதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பின்கட்டுக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் எங்கே போகிறது என்றும் பாருங்கள். அதன்மேல் பாரம் ஏறி உடைந்தால், கசியும் நீர் மண்ணை அரித்துக்கொண்டு போகும். ஒரு தளத்துக்குப் போட்ட அடித்தளத்தின்மேல் பிறகு மாடி எழுப்புவதும் ஆபத்து. அந்த எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் (சட்டம் 133) பிரிவு 70-இன்படி, ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கட்டக் கூடாது. அனுமதிக்கு வரைபடம் கேட்பதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு பெற்ற ஒருவர் கையெழுத்திட்டால், உங்கள் அடித்தளத்துக்குப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க ஓர் ஆள் இருப்பார்.

ஏற்கெனவே விரிசல் விழுந்த வீட்டில் இருப்பவர்கள் உடனே பூசி மறைக்க வேண்டாம். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு, தேதியும் அகலமும் எழுதுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் அளந்து குறியுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டாலோ அகலம் கூடினாலோ அந்தக் குறிப்புகளோடு பொறியாளரை அழையுங்கள். சில வீடுகளில் இணைப்புக் கம்பியை அறுத்துப் புதுக்கட்டை விடுவித்தாலே போதும். சிலவற்றில் அறைக்குள்ளேயே மைக்ரோபைல் இறக்க வேண்டியிருக்கும். எது என்பதை அந்தத் தேதிகளை வைத்துத்தான் நாங்கள் முதலில் கணிப்போம்.