பகலும் ராத்திரியும் சேர்ந்து ஒரு நாள்தான்

ஆயுள் தண்டனைத் தீர்ப்பு வாசித்து முடிந்து, வாரண்ட் டைப் ஆகிக்கொண்டிருக்கும்போதே சொந்தக்காரர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிடுவார். "ஏழு வருஷத்துல வந்துருவான்ல சார்?" அவர் ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டிருப்பார். என் வாயால் ஒரு 'ஆமா' மட்டும் வேண்டும்.

நீலகிரியில் கிரிமினல் வழக்கு நடத்துகிற எந்த வக்கீலைக் கேட்டாலும் இந்தக் காட்சியைச் சொல்வார். நானும் இதுவரை பொறுமையாகத்தான் விளக்கி வந்தேன். சமீபத்தில் கூடலூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. கொலை வழக்கில் ஆயுள், தண்டனையாகி வருஷங்கள் ஓடிவிட்டன. 'வெளியே வர்றப்போ ஏதாச்சும் பேப்பர் வேணுமா' என்று கேட்க வந்திருந்தார்கள். மேல்முறையீட்டு நம்பர் என்ன என்றேன். போடவே இல்லை. "ஏழு வருஷம்தானே, அதுக்குள்ள ஹைகோர்ட்ல கேஸே முடியாது, எதுக்கு வீண் செலவு" என்று ஊரில் யாரோ சொன்னாராம். தீர்ப்பை வாங்கிப் படித்தேன். திடீர்ச் சண்டை, ஒரே வெட்டு. கொலைப் பிரிவிலிருந்து கீழே இறக்கி, சில வருடத் தண்டனையாக மாற்றக் கேட்பதற்கு நல்ல இடமிருந்த வழக்கு. அதைத்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

அதனால் முதலில் இந்த ஏழு வருஷக் கதையை முடித்துவிடுகிறேன். 'ஜெயிலில் பகல் ஒரு நாள், ராத்திரி ஒரு நாள், ஆகவே ஆயுளுக்குப் பதினாலு வருஷம் என்பது ஏழு' என்கிறார்கள். அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. சிறை விதிகளிலும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலும் இல்லை. சிறையிலும் நாளுக்கு இருபத்துநாலு மணி நேரம்தான். வேலைக்கும் நன்னடத்தைக்கும் மாதாமாதம் சில நாட்கள் தண்டனைக் குறைப்பு கிடைப்பது உண்மை. ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று எண்ணிக்கை உள்ள தண்டனையில் அது கழியும். முடிவுத் தேதியே இல்லாத ஆயுளில் எதிலிருந்து கழிப்பது? இன்னொன்று, 2008-ல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி, ஏழு வருஷம் முடித்த ஆயுள் கைதிகளைத் தமிழக அரசு விடுதலை செய்தது. ஒரு தடவை அரசு காட்டிய சலுகையை எஸ்டேட் லைன்களிலும் டீக்கடைகளிலும் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

பதினாலும் அப்படித்தான். ஆயுள் தண்டனை என்றால் மூச்சு நிற்கும் வரை என்று 1961-லேயே கோட்சேயின் தம்பி கோபால் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'ஆயுளுக்கு இருபது வருஷம்னு ஐபிசியிலேயே இருக்கே' என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவைக் காட்டுபவர்களும் உண்டு (பாதி விஷயம் தெரிந்தவர்களிடம்தான் மல்லுக்கட்ட முடியாது). அது பாதி, கால் பங்கு என்று தண்டனையைப் பின்னமாகக் கணக்கிட வேண்டிய இடங்களுக்கு மட்டும். குறைந்தது பதினாலு என்ற நிபந்தனை சட்டத்துக்குள் வந்தது 1978 டிசம்பரில், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433ஏ பிரிவாக. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 475-ஆம் பிரிவு. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் வாங்கியவரைப் பதினாலு வருஷம் உள்ளே இருக்காமல் விடக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. பதினாலு முடிந்ததும் விட்டே ஆக வேண்டும் என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. அந்தப் பதினாலும் உண்மையாகவே உள்ளே கழித்த காலம். விசாரணைக் கைதியாக இருந்த நாட்கள் சேரும். ஜாமீனில் இருந்த நாட்கள் சேராது. பரோல் நாட்களும் சேராது என்று 2023 ஜனவரியில் கோவா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

'அப்போ 2018-ல பத்து வருஷத்துலயே விட்டாங்களே?' ஆமாம், விட்டார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்காகப் போட்ட அரசாணை அது. அந்த வழி வேறு, அரசியலமைப்பின் 161-ஆம் பிரிவில் ஆளுநருக்குள்ள அதிகாரம். 433ஏ அதைக் கட்டுப்படுத்தாது என்று மாரு ராம் வழக்கில் 1980-லேயே தீர்ப்பு இருக்கிறது. ஆளுநரின் அதிகாரம் என்றாலும் அமைச்சரவை சொல்கிறபடிதான் அவர் நடக்க வேண்டும். பேரறிவாளன் விஷயத்தில் அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது. கோப்பு ராஜ்பவனிலும் டெல்லியிலுமாகக் கிடந்து, கடைசியில் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே விடுவித்தது. நாடே கவனித்த கோப்புக்கே அந்தக் கதி. நூற்றாண்டு, பிறந்தநாள் என்று வருகிற ஒவ்வொரு அரசாணைக்கும் ஒரு விலக்குப் பட்டியல் உண்டு, யாருக்கெல்லாம் பொருந்தாது என்று. பத்திரிகைத் தலைப்பைப் பார்த்துப் பிரியாணிக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். அந்தப் பட்டியலைப் படியுங்கள்.

கையில் உள்ள தீர்ப்பையும் படியுங்கள். நீதிமன்றங்களின் போக்கு இந்தப் பதினைந்து இருபது வருஷத்தில் மாறிவிட்டது. தூக்குக்கும் பதினாலுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது என்று 2008-ல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நடுவழி கண்டது. தண்டனைக் குறைப்பு இல்லாமல் இருபது, முப்பது வருஷம், அல்லது சாகும்வரை. 2015 டிசம்பரில் ஸ்ரீஹரன் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதை உறுதிசெய்தது. அப்படி விதிக்கிற அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும்தான். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோவில் அது சட்டத்திலேயே வந்துவிட்டது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 6-ஆம் பிரிவில் குறைந்தபட்சமே இருபது வருஷம், மேலே போனால் எஞ்சிய இயற்கை ஆயுள் முழுக்க, மரண தண்டனைக்கும் இடமுண்டு. ஊட்டி மகளிர் நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பை வாங்கிக்கொண்டு வந்து 'பதினாலுல வருவானா' என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

'இரட்டை ஆயுள்' செய்திக்கும் பயப்பட வேண்டாம். ஒரு மனிதனுக்கு ஒரே உயிர். ஆயுளுக்குப் பின் ஆயுள் என்று வரிசையாக அனுபவிக்கச் சொல்ல முடியாது என்று 2016-ல் முத்துராமலிங்கம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நம் தமிழ்நாட்டு வழக்குதான்.

இனி, பதினாலு முடிகிறது என்றே வைத்துக்கொள்வோம். கோவை மத்திய சிறையிலிருந்து கோப்பு கிளம்பும். நன்னடத்தை அலுவலர் அறிக்கை வேண்டும், போலீஸ் அறிக்கை வேண்டும். இந்த மலையில் கோப்பு சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். ஆள் உள்ளே போகும்போது கொடுத்த விலாசம் எஸ்டேட் லைன் வீடு. பத்து வருஷத்தில் அம்மா ரிட்டயர் ஆகி, கணக்கு முடித்து, வீட்டை எஸ்டேட்டுக்கே ஒப்படைத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கோ திருப்பூருக்கோ போயிருப்பார். விசாரிக்க வந்த அலுவலர் லைனில் வேறு குடும்பத்தைப் பார்ப்பார். மேஸ்திரி "அவங்க போய் ரொம்ப நாளாச்சு" என்பார். 'குடும்ப ஆதரவு இல்லை' என்று அறிக்கை போகும். அந்த ஒரு வரிக்காக அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியதுதான். தயவுசெய்து, வீடு மாறினால் சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். விடுதலையானால் யாரிடம் தங்குவார், என்ன வேலை பார்ப்பார் என்று பொறுப்பேற்பவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அபராதத்தையும் கட்டிவிடுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கட்டாத அபராதத்துக்குத் தனியாக உள்ளே இருக்க வேண்டும்.

கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று. சம்பவம் வயநாட்டில் நடந்து கேரளக் கோர்ட் தண்டித்திருந்தால், விடுதலையை முடிவு செய்வது கேரள அரசு. குண்டல்பேட்டை வழக்கு என்றால் கர்நாடகா. குடும்பம் எங்கே இருக்கிறது என்பது கணக்கே இல்லை. 2024 ஜனவரி 8-ல் குஜராத் கலவரத்தில் பாதிக்கப்பட்ட பில்கிஸ் பானுவின் வழக்கில் பதினோரு பேரின் விடுதலை ரத்தானதே இதனால்தான். தண்டித்தது மகாராஷ்டிர நீதிமன்றம், விடுவித்தது குஜராத் அரசு. சென்னைக் கோட்டைக்கு மனு மேல் மனு அனுப்பிக்கொண்டிருந்தால் தபால் செலவுதான் மிச்சம்.

பாதிக்கப்பட்ட குடும்பங்களும் அந்த வழக்கைக் கவனியுங்கள். கோர்ட்டுக்குப் போனது பில்கிஸ் பானுவே. விடுதலை ஆணை முறைகேடானது என்றால் உங்களுக்கும் அந்தக் கதவு உண்டு.

2025 பிப்ரவரி 18-ல் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு கைதிகளுக்கு நல்லது. விடுதலைக் கொள்கை உள்ள மாநில அரசு, தகுதி வந்த கைதி மனுப் போடாவிட்டாலும் தானாகப் பரிசீலிக்க வேண்டும். மறுத்தால் சுருக்கமாகவாவது காரணம் எழுதி அவருக்குத் தெரிவிக்க வேண்டும். சரி என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடாதீர்கள், மனுவும் போட்டு வையுங்கள். கருணை மனுவோ முன்விடுதலை மனுவோ, கட்டணம் கிடையாது. 'கோட்டையில ஆள் இருக்கு, ரெண்டு லட்சம் குடுங்க, ஆகஸ்ட் 15 லிஸ்ட்ல பேரைச் சேத்துடறேன்' என்று எவனாவது வந்தால் அவன் மோசடிக்காரன். பசுந்தேயிலை விலை இருக்கிற இருப்பில், தோட்டத்தை அடமானம் வைத்து இவனுக்குக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். வாசலிலேயே துரத்துங்கள்.

மரண தண்டனைக் கருணை மனு தனி. புதுச் சட்டத்தின் 472-ஆம் பிரிவில் இப்போது முப்பது நாள் கெடு இருக்கிறது. அதில் ஒரு நாள்கூடத் தூங்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் மேல்முறையீடு. தீர்ப்பு நாளிலிருந்து அறுபது நாள், ஊட்டி செஷன்ஸ் தீர்ப்பென்றால் சென்னை உயர் நீதிமன்றம். கெடு தாண்டிவிட்டால் தாமத மன்னிப்பு மனுவோடு போடலாம். அந்தக் கூடலூர்க் குடும்பத்துக்கும் அதைத்தான் தயார் செய்துகொண்டிருக்கிறேன். ஏற்பார்களா என்பது நீதிமன்றத்தின் கையில். பணம் இல்லை என்றால் கைதியே கண்காணிப்பாளர் மூலம் சிறையிலிருந்து மேல்முறையீடு அனுப்பலாம். வக்கீலை சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும். சிறையில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள். ஊட்டியில் மாவட்ட ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் வரலாம், 15100-க்கு போனும் செய்யலாம். வரும்போது தீர்ப்பு நகலை மறக்காமல் எடுத்து வாருங்கள்.