கேரி: அஞ்சு போட்டு மீதி ஒண்ணு

‘எட்டும் ஏழும் பதினஞ்சு; அஞ்சு போட்டு மீதி ஒண்ணு.’ மளிகைச் சீட்டை இப்படி முணுமுணுத்தபடி கூட்டுகிறவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த ‘மீதி ஒண்ணு’தான் ஆங்கிலத்தில் கேரி. கணினியின் ப்ராசசரை வடிவமைப்பவர்களை நெடுங்காலம் படுத்தியதும் அதே ஒன்றுதான்.

சொல்லின் மூலம் ஒரு வண்டி. இன்றைய பிரான்ஸ் பகுதியில் பேசப்பட்ட பழங்காலக் காலிய மொழியில் சக்கர வண்டியைக் குறித்த சொல் லத்தீனில் ‘கார்ருஸ்’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கார், கார்கோ எல்லாம் அதே வேர்தான். ஓர் இடத்தில் நிரம்பி வழிவதை அடுத்த இடத்துக்கு ஏற்றிப் போவதால் கணக்கிலும் கேரி என்றார்கள்.

99999-உடன் 1-ஐக் கூட்டிப் பாருங்கள். வலக்கோடியில் பிறந்த ஒன்று ஒவ்வொரு 9-ஆகத் தாண்டி இடக்கோடிக்குப் போய்ச் சேரும்வரை விடை முடியாது. கணினி எண்களை 0, 1 என்ற இலக்கங்களால் எழுதுகிறது; அந்த ஒவ்வோர் இலக்கமும் ஒரு பிட். 64 பிட் எண்களைக் கூட்டும் எளிய மின்சுற்றிலும் இதே காத்திருப்புதான். ஒவ்வொரு பிட்டும் தனக்கு வலப்பக்கம் இருப்பது முடியட்டும் என்று நிற்க வேண்டும். 1642-இல் பிரெஞ்சுக் கணிதவியலர் பாஸ்கல் தொடங்கிய கூட்டல் இயந்திரத்திலும் ஒரு சக்கரம் 9-ஐத் தாண்டும்போது எடையொன்று விழுந்து அடுத்த சக்கரத்தைத் தள்ளியது.

இந்தக் காத்திருப்பை உடைத்தவர் ஆங்கிலேயக் கணிதவியலர் சார்லஸ் பாபேஜ் என்பேன். அவர் கவனித்தது எளிய விஷயம். ஓர் இடத்தில் இரண்டு இலக்கங்களின் கூட்டல் 10 அல்லது அதற்கு மேல் என்றால், வலப்பக்கம் என்ன நடந்தாலும் அங்கிருந்து ஒன்று கிளம்பும். 8 அல்லது அதற்குக் கீழ் என்றால், வருகிற ஒன்று அங்கேயே அடங்கிவிடும். சரியாக 9 என்றால் மட்டும் வந்ததை அப்படியே அடுத்த இடத்துக்கு அனுப்பும். அப்படியானால் ஒவ்வோர் இடத்தின் சுபாவத்தையும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டால் போதுமே, வரிசையில் ஏன் நிற்க வேண்டும்? 1830-களில் வரைந்த, கணினியின் முன்னோடியான பகுப்பாய்வு இயந்திரத்துக்காக இதைப் பித்தளைச் சக்கரங்களில் யோசித்தார். அந்த இயந்திரம் அவர் காலத்தில் முழுமையாக உருவாகவில்லை. ஆனால் அந்த யோசனை 1950-களில் மின்சுற்றாக மறுபடி வந்தது. ஐபிஎம்மின் ரோசன்பெர்கர் 1957-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இந்த முறைக்குப் பெயர், கேரி லுக்அஹெட்; கேரியை முன்கூட்டியே பார்த்துவிடுவது. 1973-இல் கோகி, ஸ்டோன் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் தந்த முறையில் 64 பிட்டுக்கு 6 படிகளே போதும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மீதி’ வாய்க்கு நல்ல சொல். ஆனால் 17-ஐ 5-ஆல் வகுத்தால் வரும் 2-உம் மீதிதான், குழப்பும். தமிழ்நாட்டுப் பாடநூல் ‘இனமாற்றம்’ என்கிறது. எனக்கு இது ஆங்கிலச் சொல்லைவிடப் பிடிக்கும். ஒன்றுகள் ஓர் இனம், பத்துகள் ஓர் இனம். பத்து ஒன்றுகள் ஒரு பத்தாக மாறுகின்றன. கேரி என்ற சொல் சுமப்பதை மட்டும் காட்டுகிறது, மாறுவதைக் காட்டுவதில்லை. குழந்தைக்குக் கற்பிக்க இதைவிட நல்ல சொல் வேண்டாம்.

ப்ராசசருக்கு மட்டும் இது போதாது. கழித்தலில் கடன் வாங்குவதும் இனமாற்றமே. அதோடு இது செயலின் பெயர். கம்பியில் ஓடும் அந்த ஒற்றை இலக்கத்துக்கு ஒரு பெயர் வேண்டும். ஏறுவரிசை, ஏறுமுகம் போல ‘ஏறிலக்கம்’ என்று நான் எழுதுகிறேன், அடுத்த இடத்துக்கு ஏறும் இலக்கம். லுக்அஹெட் முறை ‘முன்னறி ஏறிலக்கம்’ ஆகும். அப்புறம், கேரி ஃபிளாக் ‘ஏறிலக்கக் கொடி’. 64 பிட் ப்ராசசர் 128 பிட் எண்களைக் கூட்டும்போது, கீழ்ப்பாதியைக் கூட்டி வெளியே வரும் ஒன்றை அந்த ஒரு பிட் கொடியில் வைத்திருந்து, மேல்பாதியைக் கூட்டும்போது சேர்த்துக்கொள்கிறது.