அச்சுக்குப் போகும் முன் குடும்ப பைபிளைத் திறந்து பாருங்கள்

இந்த வருடம் இது மூன்றாவது. புத்தகம் அச்சுக்குப் போகப் பத்து நாள் இருக்கையில் பாடகரின் மகள் போன் செய்கிறார்: “அப்பா சொன்ன வருடத்தில் தாத்தா உயிரோடுதான் இருந்திருக்கிறார்.” ஒரு அத்தியாயமே அந்தச் சாவை நம்பித்தான் நிற்கிறது.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், ‘கன்ட்ரி’ என்கிற அமெரிக்க நாட்டுப்புற பாணி இசையைப் பாடும் பாடகர்களோடு உட்கார்ந்து சுயசரிதை எழுதித் தருவது என் தொழில். பாடகரின் வீட்டாரும், இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “அவர் வாழ்க்கை அவருக்குத் தெரியாதா?”

தெரியும். ஆனால் அந்தக் கதையை அவர் நாற்பது வருடமாகப் பாட்டுக்குப் பாட்டு நடுவே மேடையில் சொல்லி வந்திருக்கிறார். கூட்டம் கண்கலங்கிய இடம் தங்கிவிட்டது, மற்றது உதிர்ந்துவிட்டது. இன்று அவர் மனதில் இருப்பது நடந்தது அல்ல, கடைசியாகச் சொன்ன விதம். இது பொய் இல்லை. தயவுசெய்து அவரைப் பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள்.

புகழ்பெற்ற கன்ட்ரி பாடகி லொரெட்டா லின் பதின்மூன்று வயதில் கல்யாணம் ஆனவர் என்றுதான் எல்லோரும் நம்பினோம். 1976-ல் வந்த அவருடைய சுயசரிதையும் அப்படித்தான் சொன்னது. 2012-ல் அவருடைய சொந்த மாநிலமான கென்டக்கியின் ஆவணங்களைப் பார்த்தபோது அவர் பிறந்தது 1932, கல்யாணம் 1948 ஜனவரி என்று தெரிந்தது. அதாவது வயது பதினைந்து. பதினைந்தும் குழந்தைதான். ஆனால் அந்த வித்தியாசம் வெளியே வர 36 வருடம் ஆனது.

ரசிகர்களின் நம்பிக்கையும் கதையை இழுக்கும். இன்னொரு கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் சிறைத் தண்டனை அனுபவித்தவர் என்று இன்றும் சொல்கிறார்கள். சில இரவுகள் லாக்கப்பில் இருந்ததோடு சரி. கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் நிஜமாகவே அடைபட்டுக் கிடந்தவர் பாடகர் மெர்ல் ஹாகர்ட்.

ஆகவே முதல் டேப் போடும் முன்பே பிறப்பு, திருமணப் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் ரெக்கார்டரைத் தொடாதீர்கள். உயிரோடு இருக்கும் முன்னாள் மனைவியைப் பற்றி எழுதினால் வக்கீல் படித்தே ஆக வேண்டும். அப்புறம், பாட்டு வரிகள்: “என் பாட்டுதானே” என்பார் பாடகர். உரிமை பெரும்பாலும் இசைப் பதிப்பு நிறுவனத்திடம் இருக்கும். எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

மகள் போன் செய்த மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் குடும்ப பைபிள். பழைய ஏற்பாடு முடிந்து புதியது தொடங்கும் இடத்தில், பிறப்பு இறப்புப் பக்கத்தில், பாடகரின் அம்மா பென்சிலால் எழுதிய தேதி. அப்பா இறந்தபோது அவருக்கு ஒன்பது வயதில்லை, பதினான்கு. விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

“பதினான்கு என்றால் சுரங்க வேலைக்குப் போகச் சொல்லியிருப்பார்களே?” என்று கேட்டேன்.

“போகவில்லை. அண்ணன் போனான்,” என்றார். அதுவரை எந்த டேப்பிலும் அவர் அண்ணனைப் பற்றிப் பேசியதில்லை. ரெக்கார்டரை எடுத்து மேசையில் வைத்தேன்.